கைபேசியில் வந்த கிட்னி: பாம்பன் தீவில் ஒரு நிகழ்வு ஆய்வு

தடைக்காலம்தான் எங்கள் கரையில் நோய் வெளியே வரும் காலம். ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட வலியும் வீக்கமும் தலைசுற்றலும் அந்த இரண்டு மாதத்தில்தான் மருத்துவமனைக்கு வந்து சேரும். சிறுநீரக மருத்துவம் படித்துவிட்டு இந்தப் பக்கமே வந்து வேலை பார்ப்பவன் நான். மே மாத வரிசை எனக்குப் பழக்கம்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு வரிசையில் நின்று வந்தவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது

வயது 41. தங்கச்சிமடத்துக்காரர். ஒரு விசைப்படகில் பாதிப் பங்கு வைத்திருந்தார்.

"மூணு மாசமா விலாவுல ஏதோ கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு தம்பி" என்றார். ஒருநாள் சிறுநீர் மீன் கழுவின தண்ணி மாதிரி போயிருக்கிறது. மறுநாள் தெளிந்துவிட்டதால் விட்டுவிட்டார். அதற்கு ஒரு வருஷம் முன்னால் இதே வலிக்கு வேறோர் இடத்தில் கல் என்று சொல்லி, ஸ்கேன்கூட எடுக்காமல் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து கடலுக்குப் போய்வந்த ராத்திரியெல்லாம் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை இரண்டு. வலை இழுக்கிற உடம்புக்கு வலி மாத்திரை சோறு மாதிரி ஆகிவிட்டது எங்கள் ஊரில். சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தை அது குறைக்கும். ஏற்கெனவே நலிந்த சிறுநீரகம் அதைத் தாங்காது. இதைத் தினமும் சொல்கிறேன், இன்னும் எத்தனை வருஷம் ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

ரத்த அழுத்தம் 170/104. படுக்கவைத்து வயிற்றில் கை வைத்ததும் எனக்கே திக்கென்றது. நல்ல சிறுநீரகம் 10, 11 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், முதுகோடு ஒட்டிக் கிடக்கும், கைக்கு எளிதில் சிக்காது. இவருக்கு இரண்டு பக்கமும் மேடு பள்ளமாகக் கையில் தட்டியது. ஸ்கேனில் வலது 18, இடது 19 சென்டிமீட்டர். நுங்கு சீவிப் பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. நுங்குக்கு மூன்று கண். இவருடைய சிறுநீரகத்தில் கண் இல்லாத இடமே இல்லை, ஒவ்வொன்றிலும் நீர். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருளான கிரியாட்டினின் ரத்தத்தில் 3.1. வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் சுமார் 25. நூற்றுக்கு மேல் தொடங்கி, இந்த வயதில் தொண்ணூறை ஒட்டி இருக்க வேண்டிய எண் அது.

பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் இது. அப்பா பாம்பனில் ஐம்பது வயதுக்குள் "தண்ணி கோத்து" இறந்திருக்கிறார். அத்தை ஒருவர் திடீர்த் தலைவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். மூளை ரத்தக்குழாய் புடைத்து வெடிப்பதும் இந்த நோயோடு வருவதுண்டு. அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதானா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. குடும்ப வரலாறும் ஸ்கேனும் இவ்வளவு தெளிவாக இருந்ததால் மரபணுச் சோதனைக்கு அனுப்பவில்லை.

உப்பு என்ற சொல்

கிரியாட்டினின் சீட்டைப் பார்த்ததும் மனைவி கேட்டது: "உப்பு எவ்வளவு இருக்கு தம்பி?" யூரியா, கிரியாட்டினின் இரண்டையும் ஊரில் உப்பு என்றுதான் சொல்வோம். நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிக்கும் கரை இது. ஊர்க் கிணறு பாதி உவர். அதனால் "உவர் தண்ணி குடிச்சு உப்பு ஏறிருச்சு" என்ற முடிவுக்கு அந்தக் குடும்பம் முன்பே வந்திருந்தது. கேன் தண்ணீருக்கு மாறினால் நோய் இறங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அரைமணி நேரம் அதற்கே போனது. இந்த நோய் கிணற்றிலிருந்து வரவில்லை, பி.கே.டி.1, பி.கே.டி.2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்றில் உள்ள பிழையால் வருகிறது. தாய் தந்தையில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. கருவாட்டிலும் ஊறுகாயிலும் இருக்கிற உப்பைக் குறைக்கச் சொன்னது ரத்த அழுத்தத்துக்காக. ரிப்போர்ட்டில் இருக்கும் 'உப்பு' வேறு, சட்டியில் போடும் உப்பு வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு கொஞ்சமில்லை.

தங்கை

அண்ணனுக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுப்பதாக 34 வயதுத் தங்கை வந்தார். மறுபேச்சே இல்லை. "எங்க அண்ணே எனக்கு அப்பா மாதிரி, இன்னைக்கே எடுத்துக்கங்க" என்றார். முதலில் ஸ்கேன். குடும்பத்தில் இந்த நோய் இருந்து, வயது 15க்கும் 39க்கும் நடுவில் என்றால், இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து மூன்று நீர்க்கட்டி இருந்தாலே நோய் உறுதி. அவருக்கு வலது பக்கம் ஐந்து, இடது பக்கம் நான்கு. அண்ணனைக் காப்பாற்ற வந்தவரிடம் உங்களுக்கும் இதுதான் என்று சொன்ன அந்த நிமிஷத்தை நான் மறக்கவில்லை. அவர் அழவில்லை. "அப்ப அண்ணனுக்கு யாரு குடுப்பா?" என்றுதான் கேட்டார்.

19 வயது மகளுக்கும் 16 வயது மகனுக்கும் இப்போதே ஸ்கேன் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. மகள் கல்லூரியில் படிக்கிறாள். "இப்பத் தெரிஞ்சுக்கிட்டா வரன் தேடுறப்ப ஊரே பேசும்" என்று தாய் பயந்தார். பயம் நியாயமானது, அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. மகளிடம் தனியாகப் பேசினேன். படிப்பு முடியட்டும் என்றாள். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பது என்று முடிவானது. இளவயதிலேயே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது இந்த நோயில் பெரிய உதவி. அதற்கு நோய் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அந்தப் படம்

ஆகஸ்டில் அவர் தனியாக வந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி. கைபேசியை நீட்டினார்.

"நம்ம ரத்தத்துல இருந்தே கிட்னி வளர்க்குறாங்களாமே தம்பி?"

படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கறுப்புப் பின்னணியில் பவளப்பாறை மாதிரி ஒரு வட்டம். பச்சையும் சிவப்புமாகச் சுருண்டு சுருண்டு கிடக்கும் குழாய்கள், நடுநடுவே மணி மணியாக வெள்ளை முடிச்சுகள். அது சிறுநீரக ஆர்கனாய்டின், அதாவது ஆய்வகத்தில் செல்களிலிருந்து வளர்த்த மிகச் சிறிய சிறுநீரக மாதிரியின், நுண்ணோக்கிப் படம். படம் உண்மையானது. அதை அனுப்பியவர் எங்கோ ஒரு நகரத்தில் உள்ள சிகிச்சை மையத்தின் ஆள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, வேறு செல்களை உருவாக்கக்கூடிய மூலச் செல்லான ஸ்டெம் செல்லைப் பிரித்து ஊசியாகச் செலுத்தினால், படத்தில் இருப்பதுபோல் உள்ளே புதுக் கிட்னி வளரும் என்று சொல்லியிருக்கிறார். ஆறு லட்சம். முன்பணம் ஒன்றரை லட்சம். படகுப் பங்கை விற்கப் பேசி முடித்துவிட்டார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஏமாறாதீர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். முடித்திருந்தால் படகு போயிருக்கும். நம்பிக்கையோடு வந்தவரிடம் வெறும் மறுப்பைக் கொடுத்தால், தலையாட்டிக்கொண்டு வேறு வாசலுக்குப் போய்விடுவார். அந்தப் படத்தில் இருப்பது என்ன என்பதை முழுசாகச் சொன்னேன். இங்கே எழுதுவதும் அதைத்தான், கொஞ்சம் விரிவாக.

25 நாள்

2006இல் ஜப்பானின் கியோட்டோவில் ஷின்யா யமனாகா ஒன்றைச் செய்து காட்டினார். வளர்ந்த எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் அது கருவின் தொடக்க காலச் செல்லைப் போல மாறிவிடுகிறது. அதிலிருந்து எந்த உறுப்பின் செல்லையும் உருவாக்கலாம். அடுத்த வருஷமே மனிதச் செல்லிலும் செய்தார்கள். 2012இல் அவருக்கு நோபல் பரிசு, ஜான் கர்டனோடு சேர்த்து. இப்படித் திருப்பியெடுத்த செல்லைத்தான் ஐ.பி.எஸ். செல் என்கிறோம். இன்று கொஞ்சம் ரத்தம் எடுத்தாலும் அதிலிருந்து செய்யலாம். "நம்ம ரத்தத்துல இருந்தே" என்ற பாதிச் செய்தி சரி.

அதைச் சிறுநீரகமாக்குவது அடுத்த கட்டம். 2015இல் ஆஸ்திரேலியாவில் மினோரு தகாசாட்டோவும் மெலிசா லிட்டிலும் வெளியிட்ட முறை இது. தட்டில் பரப்பிய செல்களுக்கு ஒரு மருந்துப் பொருளை நான்கு நாள் கொடுக்கிறார்கள். கருவில் சிறுநீரகம் உருவாகும் இடத்தில் எழும் முதல் சைகையை அது தூண்டிவிடும். பிறகு எஃப்.ஜி.எஃப்.9 என்ற வளர்ச்சிப் புரதம். ஏழாம் நாள் செல்களைத் திரட்டி ஒரு சிறு உருண்டையாக்கி, மெல்லிய வடிதாளின் மேல் வைத்து, முதல் மருந்தை மறுபடி ஒரே ஒரு மணி நேரம் காட்டுகிறார்கள். அப்புறம் 18 நாள். மொத்தம் 25. அந்த உருண்டைக்குள் வடிகட்டும் முடிச்சுகளும் சிறுநீர்க் குழாய்களும் தாமாகவே உருவாகி, ஒன்றோடொன்று இணைந்துகொள்கின்றன. யாரும் உட்கார்ந்து கோத்து வைப்பதில்லை.

"தானா எப்படிச் சேரும்?" என்று அவர் குறுக்கே கேட்டார். நல்ல கேள்வி. அவர் வலையில் எத்தனையோ தடவை வந்து விழுந்த ஒன்றைத்தான் பதிலாகச் சொன்னேன்: கடற்பஞ்சு. 1907இல் எச்.வி. வில்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் உயிருள்ள கடற்பஞ்சைத் துணியில் வைத்துப் பிழிந்து, செல் செல்லாகப் பிரித்துக் கடல்நீரில் விட்டார். பிரிந்த செல்கள் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு மறுபடி பஞ்சாக வளர்ந்தன. எந்தச் செல் எதோடு சேர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது செல்லுக்குள்ளேயே இருக்கிறது. நூறு வருஷம் கழித்து மனிதச் சிறுநீரகச் செல்லிலும் அதே சங்கதிதான் நடக்கிறது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பஞ்சை நாங்க தூக்கிக் கடல்ல வீசிருவோம்" என்றார்.

படிப்புக் காலத்தில் ஓர் ஆய்வகத்தில் ஆர்கனாய்டை நேரில் பார்த்திருக்கிறேன். தட்டில் கஞ்சிப் பருக்கை ஒட்டியதுபோல் வெளிறி, தட்டையாக, சில மில்லிமீட்டர் அகலத்தில் இருந்தது. சாயம் ஏற்றிய பிறகுதான் கைபேசிப் படத்தின் பச்சையும் சிவப்பும். வடிகட்டும் முடிச்சும் அதன் குழாயும் சேர்ந்த ஓர் அலகுதான் நெஃப்ரான். ஓர் ஆர்கனாய்டுக்குள் நூறு நெஃப்ரான் வரை இருக்கலாம். நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகச் சுமார் 10 லட்சம். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. தட்டில் இருப்பதற்கு உள்ளே வர ரத்தமும் கிடையாது, வெளியே போக வடிகாலும் கிடையாது. அதன் முதிர்ச்சி மூன்று மாதத்துக்குட்பட்ட கருவின் சிறுநீரகம் அளவுதான். 2018இல் அமெரிக்காவில் பெஞ்சமின் ஹம்ப்ரீஸ் குழு செல் செல்லாகப் பிரித்துப் பார்த்தபோது, ஆர்கனாய்டில் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை சிறுநீரகத்துக்குச் சம்பந்தமே இல்லாத செல்கள்; நரம்புச் செல்லும் தசைச் செல்லும்கூட அதில் இருந்தன. எலியின் சிறுநீரக உறைக்கடியில் வைத்தால் அதற்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது, முதிர்ச்சியும் கொஞ்சம் கூடுகிறது. ஆராய்ச்சி அந்த இடத்தில் நிற்கிறது.

இடுப்பெலும்பு மஜ்ஜைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல் உடம்புக்குள் போய் நெஃப்ரான் கட்டாது. சிறுநீரகத்துக்குள் நேராகச் செலுத்திப் பார்த்த ஒரு சம்பவம் 2010இல் மருத்துவ இதழில் வந்தது. தாய்லாந்தில், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயால் சிறுநீரகம் கெட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய ஸ்டெம் செல்லையே ஊசியில் செலுத்தினார்கள். செலுத்திய இடத்தில் கட்டிகள் வளர்ந்து, ஒரு சிறுநீரகத்தையே எடுக்கும்படி ஆயிற்று. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற, ஒப்புக்கொண்ட பயன்பாடுகள் தவிர மற்றதெல்லாம் முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. "காசு கேட்டாங்கன்னா அது ஆராய்ச்சி இல்ல அண்ணே." அன்று பேசியதில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்ட வரி இதுதான்.

எதற்குத்தான் இது

"அப்ப எதுக்கு வளர்க்குறாங்க?" கோபமாகத்தான் கேட்டார். உள்ளே வைக்க முடியாத கிட்னியால் அவருக்கு என்ன லாபம்?

இந்த நோய்க்கு எலியில் வேலை செய்த மருந்துகள் உண்டு. சிரோலிமஸ், எவரோலிமஸ் என்ற இரண்டும் எலியின் நீர்க்கட்டிகளை அழகாகச் சுருக்கின. 2010இல் மனிதர்களிடம் நடந்த சோதனை முடிவுகள் வந்தபோது சிறுநீரகத்தின் வேலைத்திறனை அவை காப்பாற்றவில்லை என்று தெரிந்தது. வருஷக்கணக்கில் உழைப்பும், நோயாளிகளின் நம்பிக்கையும் அதில் போயின. எலிச் சிறுநீரகம் எலிச் சிறுநீரகம்தான். நோயாளிக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன், மனிதச் செல்லாலான ஒரு சிறுநீரக மாதிரியில் பார்க்க முடிந்தால்? ஆர்கனாய்டு அந்த இடத்துக்கு வருகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் சிறுநீர்க் குழாய்களை எப்படிக் காயப்படுத்துகிறது என்பதை முதல் ஆர்கனாய்டுகளிலேயே காட்டினார்கள்.

நீர்க்கட்டியைத் தட்டிலேயே வரவைத்தது 2015இல். பெஞ்சமின் ஃபிரீட்மன் குழு கிரிஸ்பர் கத்தரியால் பி.கே.டி. மரபணுவை வெட்டிவிட்டு ஆர்கனாய்டு வளர்த்தது. குழாய்களிலிருந்து கட்டி கிளம்பியது. 2017இல் இன்னொன்று கண்டார்கள்: தட்டில் ஒட்டியிருப்பதைப் பெயர்த்து மிதக்கவிட்டால் கட்டிகள் பத்து மடங்கு அதிகமாக வருகின்றன, ஒரு சென்டிமீட்டர் வரை ஊதுகின்றன. சுற்றியிருக்கும் பிடிமானமும் நோயின் ஒரு பகுதி என்று அதனால் புரிந்தது. ஒரு தகவல் எனக்கு முக்கியமாகப்படுகிறது. அந்தத் தட்டுகளில் மரபணுவின் இரண்டு பிரதிகளையும் கெடுத்த பிறகுதான் கட்டிகள் தாராளமாக வருகின்றன. நம் நோயாளிக்குக் கெட்டது ஒரு பிரதி, மற்றது நல்லது. வாழ்நாளில் அங்கங்கே ஒரு செல்லில் நல்ல பிரதியும் கெடும்போதுதான் அங்கே ஒரு கட்டி பிறக்கிறது. அதனால்தான் நாற்பது வயதுவரை அவர் வலை இழுத்துக்கொண்டிருக்க முடிந்தது. அவருடைய ரத்தத்திலிருந்து ஆர்கனாய்டு வளர்த்தாலும் 25 நாளில் நோய் அப்படியே வந்து நிற்காது. மாதிரி என்பதன் எல்லை இது.

இன்னொரு நோயில் இந்த மாதிரி நேராகவே உதவியிருக்கிறது. எம்.யூ.சி.1 என்ற மரபணுப் பிழையால் சில குடும்பங்களில் சிறுநீரகம் செயலிழக்கும். 2019இல் அன்னா கிரேக்கா குழு, அந்த நோயாளிகளின் செல்லிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டில், பிழையான புரதம் செல்லுக்குள்ளேயே தேங்கி நிற்பதையும், ஒரு மூலக்கூறு அதை வெளியேற்றுவதையும் காட்டியது. அது இன்னும் மருந்தாக வரவில்லை. ஆனால் "குடும்ப வியாதி, என்ன செய்ய" என்று விட்டுவிட்டதற்கு ஒரு காரணமும், கை வைக்க ஓர் இடமும் கிடைத்திருக்கிறது.

இதையெல்லாம் கேட்டவர், "என் ரத்தத்தை எடுத்து யாராவது ஆராய்ச்சி பண்ணுனா நான் தர்றேன்" என்றார். கேட்டு எனக்கு மனசு நிறைந்தது. ஆனாலும் அதற்கு ஒப்புதல் படிவம் வேண்டும், நெறிமுறைக் குழு வேண்டும், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும் உரிமை வேண்டும், அவர் செல்லில் அவர் பிள்ளைகளைப் பற்றிய செய்தியும் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று சொல்லி, உடனே எதுவும் எடுக்கவில்லை.

சிகிச்சையும் இப்போதைய நிலையும்

படகுப் பங்கு விற்கப்படவில்லை. முன்பணம் கொடுத்திருக்கவும் இல்லை.

வலி மாத்திரையை நிறுத்தினோம். ரத்த அழுத்தம் இரண்டு மருந்துகளில் 130/80க்கு வந்தது. டோல்வாப்டான் பற்றி யோசித்தேன். இந்த நோயில் சிறுநீரகச் சரிவை மெதுவாக்கும் மருந்து அது. அதைச் சாப்பிட்டால் ஒரு நாளைக்குப் பல லிட்டர் சிறுநீர் போகும், அத்தனை தண்ணீர் குடிக்க வேண்டும், மாதந்தோறும் ஈரலுக்குச் சோதனை வேண்டும். திறன் 25க்கு வந்துவிட்டவர், நடுக்கடலில் ஒரு கேன் தண்ணீரை ஐந்து பேர் பகிர்ந்து குடிப்பவர்; விலையும் அவர் கைக்கு எட்டாது. கொடுக்கவில்லை. தங்கைக்கு இன்னும் திறன் நன்றாக இருப்பதால் அவர் விஷயத்தில் அந்தப் பேச்சை மூடவில்லை.

இரண்டு வருஷத்தில் கிரியாட்டினின் 3.1இலிருந்து 4.4. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவை இடது கையில் போட்டாகிவிட்டது. மணிக்கட்டுக்கு மேல் விரல் வைத்தால் குறுகுறுவென்று ஓட்டம் தெரியும். தினமும் காலையில் தானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கையால் பாரம் இழுக்கக் கூடாது என்பதால் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார், பங்குக் கணக்கும் பார்க்கிறார். மனைவியின் ரத்தப் பிரிவு பொருந்தியிருக்கிறது. சிறுநீரக மாற்று அறுவைக்கான மற்ற சோதனைகள் மதுரையில் நடக்கின்றன. ஒவ்வொரு தடவையும் போக 170 கிலோமீட்டர், வர 170 கிலோமீட்டர்.

மகள் இந்த வருஷம் படிப்பை முடித்தாள். போன மாதம் தானாகவே வந்து, "இப்பப் பாத்துரலாம் அண்ணே" என்றாள். ஏப்ரல் மூன்றாவது வாரம், படகுகள் கரையேறிய பிறகு, அப்பாவோடு வரச் சொல்லியிருக்கிறேன். தம்பியையும் கூட்டிவருவதாகச் சொன்னாள்.